கொசுறு வாங்காதவர்

கறார்க்காரர் என்று ஓர் இனம் இருக்கிறது. நீங்கள் பார்த்திருப்பீர்கள், பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டிருப்பீர்கள். மணி என்ன என்று கேட்டால் மணியைச் சொல்வார். ‘ஏன், பஸ்ஸுக்கு நேரமாச்சா?’ என்று ஒரு வார்த்தை கூட வராது. சௌக்கியமா என்று கேட்டால் ‘ம்’ என்பார். பதிலுக்கு அவர் உங்கள் சௌக்கியத்தை விசாரிப்பார் என்று நின்றுகொண்டிருந்தால் உங்கள் கால்தான் மரத்துப்போகும். காய்கறிக்கடையில் தக்காளி வாங்கும்போது கடைக்காரர் பிரியமாக ஓர் எலுமிச்சம்பழத்தைக் கொசுறாகப் பையில் போட்டால், இந்த இனம் அதை எடுத்துத் தராசின் மேலேயே திருப்பி வைக்கும். “நான் கேக்கல” என்று சொல்லும். கடைக்காரர் முகம் சுண்டிப்போகும். மறுநாள் முதல் அந்தக் குடும்பத்துக்கு அழுகல் தக்காளிதான்.

இந்த இனத்தின் கலப்படமில்லாத அசல் மாதிரி ஒன்று எங்கள் அலுவலகத்தில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. ஆனால் மேனேஜரிலிருந்து தண்ணீர்க் கேன் போடுகிறவர் வரைக்கும் எல்லாருக்கும் அவர் ‘கறார்’தான். அவருக்கும் அது தெரியும், கோபம் கிடையாது. ‘ஒரே வார்த்தை, போதுமானது’ என்று ஒருமுறை பாராட்டக்கூடச் செய்தார். அவர் மேஜையில் ஒரு கணினி, ஒரு கோப்பை, ஒரு பேனா. அந்தப் பேனா எதற்கு என்று அவரே சில சமயம் முறைத்துப் பார்ப்பதை நான் கவனித்திருக்கிறேன். அதற்கு ஆயுசு அதிகமில்லை.

அவர் பார்க்கும் வேலை டைப்ஸ்கிரிப்டில் ஸ்கீமா எழுதுவது. பயப்படாதீர்கள், ஒரு நிமிஷத்தில் புரிந்துவிடும். எங்கள் கம்பெனி செய்யும் மென்பொருளுக்குள் வெளியிலிருந்து தகவல் வந்துகொண்டே இருக்கும். யாரோ பெயரைத் தட்டுவார்கள், யாரோ தேதியைத் தட்டுவார்கள். தட்டுகிறவர்கள் மனிதர்கள். ஆகவே வயதுக் கட்டத்தில் வீட்டு எண் வரும், பெயர்க் கட்டத்தில் ‘சும்மா பார்க்கிறேன்’ என்று வரும். அதை அப்படியே உள்ளே விட்டால் மென்பொருளுக்கு வயிற்றுப்போக்கு. அதனால் வாசலில் ஒரு காவலாளியை நிறுத்தி, இன்னின்ன கட்டங்கள் வரலாம், ஒவ்வொன்றிலும் இன்னது இருக்கலாம், மற்றதை விரட்டு என்று கட்டளை எழுதிக் கொடுக்கவேண்டும். அந்தக் கட்டளைதான் ஸ்கீமா. அதை எழுதுகிற மொழி டைப்ஸ்கிரிப்ட். நல்ல விஷயம், அவசியமான விஷயம். உப்பும் அவசியம்தான், அதற்காக யாராவது உப்பையே அள்ளித் தின்பார்களா?

கறார் தின்பார். மற்றவர்கள் ஒரு பக்கம் எழுதும் ஸ்கீமாவை அவர் மூன்று வரியில் முடிப்பார். முடித்துவிட்டு, அந்த மூன்றில் ஒன்றை எடுத்துவிட முடியாதா என்று தாடையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவருடைய தத்துவம் ஒரே வாக்கியம்: கேட்டதை மட்டும் கொடு. கேட்டதில் ஒன்று குறைந்தால் தூக்கி எறிவார். அது எல்லாரும் செய்வது. கேட்காத ஒன்று கூடவே ஒட்டிக்கொண்டு வந்தாலும், வந்த அத்தனையையும் சேர்த்துத் தூக்கி எறிவார். அது இவர் மட்டும் செய்வது. எள் என்றால் எண்ணெயாக நிற்கிற பிள்ளையை ஊரே மெச்சும். இவரோ, எண்ணெய் வந்திருக்கிறது, எள்ளைக் காணோம் என்று பிள்ளையை வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்.

போகட்டும், எதனால் திருப்பி அனுப்பினோம் என்றாவது சொல்லலாம் இல்லையா? சொல்லமாட்டார். அவர் ஸ்கீமா பேசும் வார்த்தைகள் இரண்டுதான். ஒன்று ‘சரி’. இன்னொன்று ‘தவறு’. என்ன தவறு, எந்த இடத்தில் தவறு என்று சொன்னால் பாவம் ஜனங்களுக்கு உதவியாக இருக்குமே என்று மேனேஜர் ஒருமுறை கெஞ்சினார். அதற்குக் கறார் நிதானமாகச் சொன்ன பதிலை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

“காரணத்தைச் சொன்னா, அடுத்த தடவை சரியா வந்துடுவாங்க சார்.”

இப்படிப்பட்டவருக்கும் கல்யாணம் ஆகியிருக்கிறது. நான்கு வயதில் ஒரு மகளும் இருக்கிறாள். அந்த வீட்டில் நடப்பதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். அவர் மனைவி போனில் பேசினால் பக்கத்து நாற்காலிக்கு மட்டுமல்ல, பக்கத்துக் கட்டடத்துக்கும் கேட்கும். அந்த அம்மாளுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் புதிதாக வேலை கிடைத்திருந்தது. பிள்ளை பிறந்த பிறகு முதல் வேலை. இன்னும் நிரந்தரமாகவில்லை, சோதனைக் காலம். மாலை முழுக்க அங்கே இருந்தாகவேண்டும் என்பதால், எங்கள் அலுவலகத்துக்கு அடுத்த தெருவில் இருக்கும் குழந்தைகள் காப்பகத்திலிருந்து மகளைத் தினமும் அழைத்துப் போவது அந்த அம்மாளின் தம்பி. பெரிய மீசை, பெரிய தோள், மோட்டார் மெக்கானிக். பாப்பாவுக்கு அவர் மாமா. அவருக்குப் பாப்பா உயிர்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. காப்பகத்துத் தலைவி எங்கள் கம்பெனியைத் தேடி வந்தது கெட்ட நேரம்.

தலைவி கேட்டது ரொம்பச் சின்ன விஷயம். மாலையில் குழந்தையை யார் வந்து அழைத்துப் போகிறார்கள் என்று வாசலில் ஒரு பலகைக் கணினியில், அதாவது டேப்லெட்டில், பதிவாகவேண்டும். பதிவானதும் தாயின் போனுக்கு ஒரு செய்தி போகவேண்டும். அவ்வளவுதான். தலைவி பேசப் பேச, குழந்தை பெயர், வந்தவர் பெயர், உறவு, போன் நம்பர், மத்தியானம் சாப்பிட்டதா, மூக்கு ஒழுகுகிறதா, பையில் தண்ணீர்ப் பாட்டில் இருக்கிறதா என்று கட்டங்கள் ஏறிக்கொண்டே போயின. கறார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். திறந்ததும் முதல் மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அடித்துவிட்டார். மூக்கு ஒழுகினால் மூக்கைத் துடையுங்கள், அதைப் பதிவு செய்வானேன் என்றார். தலைவி அசந்துபோய் ஒத்துக்கொண்டார். அதுவரைக்கும் நியாயம்தான்.

உறவு என்ற கட்டத்துக்கு வந்தபோதுதான் வம்பு ஆரம்பித்தது. அங்கே என்னென்ன வரலாம் என்று கறார் கேட்க, அம்மா, அப்பா, மாமா, அத்தை, சித்தி என்று தலைவி விரல் விட்டுச் சொல்ல ஆரம்பித்தார். கறார் மாமாவிலேயே கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

“மாமாங்கிறது ஒரு உறவு இல்லீங்க. அது ஒரு கும்பல்.”

பிறகு விளக்கினார். அம்மாவின் தம்பியும் மாமா, அத்தையின் புருஷனும் மாமா, மனைவியின் அப்பாவும் மாமா, சில வீடுகளில் கட்டிய புருஷனே மாமா, எதிர்வீட்டில் குடியிருப்பவர் மாமா, சாப்பிடாத குழந்தையைப் பிடித்துக்கொண்டு போவதாகச் சொல்லப்படும் போலீஸ்காரரும் மாமா. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இத்தனை பேர் உள்ளே வந்தால் அது வாசலா, சந்தையா? நான் சும்மா இருக்கமாட்டாமல், உங்கள் மச்சினன் உங்களைக்கூட மாமா என்றுதானே கூப்பிடுகிறார், அப்படியானால் நீங்களும் அந்தக் கும்பலில் ஒருவர்தானே என்றேன். “அதைத்தான் சொல்றேன், எவ்வளவு மோசம் பாருங்க” என்றார். அவமானமே படவில்லை மனிதர்.

அத்தைக்கும் அதே கதி. சித்தப்பாவும் பெரியப்பாவும் அப்பாவுக்கு முன்னால் ஒட்டுப்போட்டு வந்திருக்கிறார்கள் என்று அவர்களையும் கழித்துக்கட்டினார். சரி, அம்மா அப்பாவாவது மிஞ்சுவார்களா என்றால், அதுவும் இல்லை. அம்மா என்று யாரைத்தான் சொல்லவில்லை? தலைவியை அம்மா என்கிறோம், சின்னப் பெண்ணை வாம்மா என்கிறோம், கால் இடறினால் அம்மா, பல்லைப் பிடுங்கினால் அம்மா. உட்கார்ந்தால் அப்பாடா, எழுந்தால் அப்பப்பா. இதெல்லாம் உறவா, சத்தமா? ஆகவே ஐயத்துக்கு இடமில்லாத சொற்கள் உலகத்தில் இரண்டே இரண்டுதான்: தாய், தந்தை. இரண்டில் ஒன்றைத் தட்டினால் ‘சரி’. வேறு எதைத் தட்டினாலும் ‘தவறு’. குற்றம் பார்த்தால் சுற்றம் இருக்காதே என்று தலைவி மெதுவாக முனகினார். சுற்றம் குறைந்தால் ஸ்கீமாவும் குறையும் என்று கறாருக்கு ஒரே சந்தோஷம்.

அவர் எழுதியதைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை. நான் சோதித்தேன். ஒரு விஷயத்தைச் சொல்லவும் செய்தேன்: பலகைக் கணினியில் பாதிச் சொல்லைத் தட்டியதும் மீதியை அதுவே மேலே எழுதிக் காட்டும், எல்லாரும் சோம்பேறித்தனமாக அதைத் தொட்டுவிடுவார்கள், தொட்டால் சொல்லுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் ஓர் இடைவெளி வந்து ஒட்டிக்கொள்ளும், அதை நாமே வெட்டிவிட்டால் நல்லது என்றேன். கறார் என்னைப் பார்த்த பார்வையில், நான் ஏதோ திருட்டுக்குத் துணை போகச் சொன்னதுபோல இருந்தது. இடைவெளியும் ஓர் எழுத்துதான், அதை நாம் கேட்கவில்லை, வருகிறவர்களின் அழுக்கைத் துடைப்பது வாசலின் வேலை இல்லை என்றார். 

காப்பகத்து வாசலில் நிற்கும் அம்மாளை எல்லாரும் வாசலக்கா என்பார்கள். இந்தப் பலகை வருவதற்கு முன்னால் அவரைப்போல இளகிய மனசுக்காரர் கிடையாது. குழந்தையின் முகத்தைப் பார்ப்பார், வந்தவரின் முகத்தைப் பார்ப்பார், கன்னத்தைக் கிள்ளி அனுப்பிவைப்பார். கறார் அவருக்கு ஒரு மத்தியானம் முழுக்கப் பாடம் எடுத்தார். முகத்தைப் பார்க்கக் கூடாது, பலகையைப் பார்க்கவேண்டும். சரி என்றால் சரி, தவறு என்றால் தவறு. சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்த ஒரே பாடத்தில் வாசலக்கா ஆளே மாறிவிட்டார். குரல் மாறிவிட்டது, நிற்கும் தோரணை மாறிவிட்டது. ‘தவறு’ என்று சொல்லும்போது அந்த அம்மாளின் முகத்தில் வந்த தேஜஸ் இருக்கிறதே, பதவி வந்தால் எல்லாருக்கும் வருவதுதான்.

முதல் நாள் மாலையே மீசை மாமா மாட்டிக்கொண்டார். மாமா என்று தட்டினார், தவறு. தினமும் வருகிறேனே அக்கா என்றார். தினமும் வந்தாலும் தவறு தவறுதான் என்றார் வாசலக்கா. கடைசியில் தாய்க்குப் போன் போய், அந்த அம்மாள் பாதி ரத்தத்தில் ஊசியை விட்டுவிட்டு ஓடிவந்து மகளை மீட்டுக்கொண்டு போனார். மறுநாள் அவருடைய மேற்பார்வையாளர் கூப்பிட்டுவைத்து, இன்னொரு தடவை இப்படி நடுவில் எழுந்து போனால் மறுநாள் வரவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அதைச் சொல்ல அந்த அம்மாள் கறாருக்குப் போன் செய்தபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். சொன்னேனே, இரண்டு கட்டடத்துக்கும் கேட்டது. மாமா என்ற ஒரு வார்த்தையைச் சேர்த்துவிட்டால் முடிந்துபோகிற விஷயம், சேருங்கள் என்றார் அந்த அம்மாள். ஒரு ஆளுக்காக வாசலை அகலப்படுத்த முடியாது என்றார் கறார்.  அதற்குப் பிறகு அந்த அம்மாள் சத்தம் போடாமல், பக்கத்து நாற்காலிக்கு மட்டும் கேட்கும்படி பேசினார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“அப்ப இன்னைக்கு நீங்களே போய்க் கூட்டிட்டு வாங்க. ஆறு மணிக்கு மேல என் புள்ள அந்த வாசல்ல நின்னா நான் கிளம்பி வந்துடுவேன். வேலை போகும். போனா, அது உங்களால போனது.”

இதில் என்ன கஷ்டம் என்றார் கறார். தந்தை என்ற சொல் ஸ்கீமாவில் இருக்கிறது. தந்தை இதோ இருக்கிறார். வேலை முடிந்ததும் தன் நீலக் குடையை எடுத்துக்கொண்டு, சொந்தமாகக் கட்டிய வீட்டுக்குக் கிரகப்பிரவேசம் செய்யப் போகிறவர் மாதிரி கம்பீரமாகக் கிளம்பினார். வேடிக்கை பார்க்கும் ஆசையில் நானும் கூடவே போனேன். எனக்கு என்ன வெட்கம்?

மழை தூறிக்கொண்டிருந்தது. காப்பகத்து வாசலில் ஐந்தாறு பேர் வரிசையில் நின்றார்கள். வரிசைக்குக் கொஞ்சம் தள்ளி மீசை மாமா நின்றிருந்தார். எதற்கு வந்தாய் மாப்ளே என்று கறார் கேட்க, “அக்காதான் சும்மா ஓரமா நிக்கச் சொல்லுச்சு மாமா” என்றார் அவர் பவ்யமாக. கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் பாப்பா காலணி மாட்டி, பையை முதுகில் போட்டு, தயாராக நின்றாள். அப்பனைக் கண்டதும் முகமெல்லாம் பல்லாக, அப்பா என்று கத்தினாள்.

வாசலக்கா அவளைத் திருத்தினார். “அப்பா இல்ல பாப்பா. தந்தை வரணும்.”

கறாருக்கு உள்ளம் குளிர்ந்துபோனது. பார்த்தீர்களா என்பதுபோல என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, பலகையை வாங்கினார். குழந்தை பெயர், தன் பெயர், உறவு. ஒரு கையில் குடை, ஒரு கையில் பலகை, ஒற்றைக் கட்டைவிரல்தான் மிச்சம். பாதி தட்டியதும் தந்தை என்று பலகையே மேலே காட்டியது. தொட்டார்.

தவறு.

முகத்தைச் சுளித்துக்கொண்டு மறுபடி தட்டினார். மறுபடி பலகை நீட்டியது, மறுபடி தொட்டார். தவறு. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். தந்தை என்று தெளிவாக, முத்து முத்தாக இருக்கிறது. எழுத்துப்பிழை இல்லை. ஸ்கீமாவை எழுதியவரே அவர்தான். தவறு, தவறு. என்ன தவறு, எந்த இடத்தில் தவறு? அதைத்தான் சொல்லக் கூடாது என்று அவரே எழுதிவைத்திருக்கிறாரே.

எனக்குத் தெரியும். அந்தச் சொல்லுக்கு வாலில் ஒட்டிக்கொண்டிருந்த ஒன்றுமில்லாத இடைவெளி அவர் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் என் கண்ணுக்குப் பூசணிக்காய் மாதிரி தெரிந்தது. நீங்கள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். அவர் என்னைக் கேட்கவில்லையே. கேட்டதை மட்டும் கொடு என்று எனக்குப் பாடம் சொன்னவரும் அவர்தானே. ஆனால் உள்ளே பாப்பா ஒற்றைக் காலில் மாறி மாறி நிற்பதைப் பார்க்கப் பார்க்க எனக்கே என் மேல் வெறுப்பாக இருந்தது. இதோ சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவருடைய போன் அடித்தது. அந்த அம்மாள். வந்தாச்சா என்று கேட்டார். வாசலில் இருக்கிறோம் என்றார் கறார். பாப்பா வாசலுக்கு எந்தப் பக்கம் என்று கேட்டார். கறார் பொய் சொல்லத் தெரியாதவர். உள் பக்கம் என்றார். ஐந்து நிமிஷத்தில் செய்தி வரவில்லை என்றால் நான் பையை எடுத்துவிடுவேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

கறாருக்கு வியர்த்தது. மழையில் வியர்க்கும் மனிதரை அன்றைக்குத்தான் பார்த்தேன். என்னைத் தெரியும்தானே, நேற்றுக்கூட இங்கே பாடம் எடுத்தேனே என்று வாசலக்காவிடம் தாழ்ந்துபோய்ச் சொன்னார்.

“நல்லாத் தெரியும் சார். முகத்தைப் பார்த்து விடக்கூடாதுன்னு சொன்னதே நீங்கதானே. பின்னாடி ஆள் நிக்கிறாங்க, கொஞ்சம் நகருங்க.”

நகர்ந்தார். அந்தக் கதவில் பூட்டுகூடக் கிடையாது என்பதை இங்கே நான் சொல்லவேண்டும். சாதாரணக் கொக்கி. நான்கு வயதுக் குழந்தை எட்டித் தூக்கினால் திறந்துகொள்ளும். அதைத் தொடவேண்டும் என்று அங்கே நின்ற ஒருத்தருக்கும் தோன்றவில்லை, என்னையும் சேர்த்துத்தான்.

இப்போது மீசை மாமா பலகையை வாங்கிக்கொண்டார். மெக்கானிக் விரல்; அழுத்தி அழுத்தி ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். தாய்மாமா என்று முழுசாக, மரியாதையாகத் தட்டினார். தவறு. அவர் கோபப்படவில்லை. வண்டி கிளம்பவில்லை என்றால் அவர் வண்டியைத் திட்டமாட்டார், எந்தப் பாகம் தகராறு என்றுதான் பார்ப்பார். பலகையை ஒருமுறை பார்த்தார், கறாரை ஒருமுறை பார்த்தார்.

“மாமா, உங்களுக்கு இந்த ‘மாமா’ங்கிறதுதானே ஆகாது?”

ஆமாம் என்றார் கறார்.

“சரி, அதை எடுத்துட்டேன்.”

கடைசியிலிருந்து ஓர் எழுத்து, இன்னோர் எழுத்து என்று அழித்துக்கொண்டே வந்தார். மாமா போய்விட்டது. மிச்சம் நின்றது தாய். பின்னால் இடைவெளி இல்லை, வால் இல்லை, கொசுறு இல்லை. ஸ்கீமா கேட்டது எதுவோ அது மட்டும்.

சரி.

வாசலக்கா பலகையைப் பார்த்தார். ஒரு கணம், பழைய பழக்க தோஷத்தில், கண் மேலே போய் அந்த மீசையில் நின்றது. பாடம் ஞாபகம் வந்திருக்கவேண்டும். உடனே கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். கொக்கியைத் தூக்கினார். “தாய் வந்தாச்சு பாப்பா, போம்மா” என்றார். கடுகு போன இடத்தை ஆராய்கிறவர்களுக்குப் பூசணிக்காய் போன இடம் தெரியாது என்பார்கள். கடுகு வெளியே மழையில் நின்றது. பூசணிக்காய் பாப்பாவைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தது.

கறார் வாயைத் திறந்தார். இவன் தாய் இல்லை என்று கத்த நினைத்தாரோ என்னவோ. ஆனால் மூன்று கட்டங்கள் கேட்டிருந்தார், மூன்றும் வந்துவிட்டன. கேட்காதது எதுவும் வரவில்லை. சொல் சரி, அளவு சரி. உண்மையா என்று அவர் ஸ்கீமா எந்தக் காலத்தில் கேட்டது? வாயை மூடிக்கொண்டார்.

அதற்குள் போன். இந்தத் தடவை அவர் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டார், எல்லாருக்கும் கேட்டது.

“தாய் வந்து குழந்தையை அழைத்துச் சென்றார்னு எனக்கு மெசேஜ் வருது. நான் இங்க ஊசியும் கையுமா நிக்கிறேன். யாருங்க அந்தத் தாய்?”

“உன் தம்பி” என்றார் கறார், கேட்டதற்கு மட்டும்.

அந்தப் பக்கம் சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம். பிறகு, சரி, பாப்பா வெளியே வந்துவிட்டாள்தானே, எனக்கு அது போதும், வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டார். அன்றைக்கு அந்த அம்மாள் எழுந்து வரவில்லை. வேலையும் போகவில்லை.

வரிசை கலைந்தது. கறார் தன் கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கதவின் முன்னால் அப்படியே நின்றார். கொஞ்ச தூரம் போன பிறகு தோள்மேலிருந்து பாப்பா திரும்பிப் பார்த்தாள். கையை ஆட்டிக் கூப்பிட்டாள்.

“தந்தை, வாங்க. நனையாதீங்க.”

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் என்ன நடந்தது என்பதைப் போன் வழியாகவே தெரிந்துகொண்டேன். பாப்பாவுக்கு அந்தச் சொல் பிடித்துப்போய்விட்டது. வாசலக்கா சொன்னால் அது வேதம். காலையில் எழுந்ததும் தந்தை, பல் தேய்க்கும்போது தந்தை, குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால் ‘தந்தை, தண்ணி’. கறார் முதலில் பெருமைப்பட்டார்.  பிறகு ஒருநாள் அவளை மடியில் உட்காரவைத்து, பழையபடி அப்பா என்று கூப்பிடும்மா என்று கெஞ்சினாராம். அவள் அவர் முகத்தை ஆராய்ந்து பார்த்துவிட்டு, தலையை ஆட்டி, ஒரே வார்த்தை சொன்னாளாம்: தவறு. ஏன் என்று கேட்டிருக்கிறார். காரணம் சொல்லவில்லை. யார் வளர்ப்பு?

அந்த வாரம் காப்பகத்துக்கான ஸ்கீமா புதிதாக என் மேஜைக்கு வந்தது. திறந்து பார்த்தேன். தாய் இருந்தது, தந்தை இருந்தது. வால் இடைவெளியை வெட்டும் ஒரு சின்னச் சொல் சத்தமில்லாமல் ஏறியிருந்தது. மாமா இருந்தது, அது அந்த அம்மாள் கேட்டு வாங்கியது, தெரிந்த விஷயம். அதற்கும் கீழே, கடைசியில், யாருமே கேட்காத ஒரு சொல் தனியாக உட்கார்ந்திருந்தது: அப்பா.

நான் விடுவேனா? நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, இது யார் கேட்டது என்று விசாரித்தேன். கறார் கணினியைப் பார்த்தார். கோப்பையைப் பார்த்தார். அந்தப் பேனாவை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தார்.

“கொசுறு” என்றார்.

அன்று மாலை நான் கூடப் போகவில்லை. வெட்கம் இல்லாதவர்களுக்கும் ஓர் அளவு இருக்கிறது. ஆனால் என் ஜன்னலிலிருந்து அடுத்த தெரு தெரியும். அவர் பலகையில் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டுவது தெரிந்தது. வாசலக்கா உள்ளே திரும்பி ஏதோ குரல் கொடுப்பது தெரிந்தது. என்ன என்று கேட்கவில்லை, கேட்கத் தேவையும் இல்லை. பாப்பா அந்தக் கொக்கியை யாரும் தூக்குவதற்கு முன்னால் தானே எட்டித் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். அவள் என்ன சொல்லிக் கூப்பிட்டாளோ, மனிதர் அப்படியே ஈரத் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கும் கண் கலங்கியது. அதைச் சொல்வதில் என்ன வந்தது?

திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? மறுநாள் காலையில் நான் அனுப்பிய கடிதத்தில் ‘வணக்கம்’ தேவையில்லை என்று பதில் வந்தது. அந்த இனம் அப்படித்தான். நாம் என்ன செய்யமுடியும், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சிரிக்கத்தான் முடியும்.

நீங்களும் இவ்வளவு நேரம் சிரித்திருப்பீர்கள். நல்லது. ஒன்றே ஒன்று கேட்கிறேன். காப்பகத்துக்குக் கிளம்பும்போது கறார் எடுத்த குடை நீலம். மழையில் நிற்கும்போது அவர் கையில் இருந்தது கறுப்பு. ஒரு குழந்தை வெளியே வரமுடியாமல் நிற்கிறது, ஒரு தாய்க்கு வேலை போகப்போகிறது, ஒரு தகப்பன் மழையில் வியர்த்துக் கொட்டுகிறான். அந்த நேரத்தில் நீங்கள் குடையைக் கவனித்தீர்களா? கவனித்து, ‘தவறு’ என்று மனசுக்குள் ஒரு வார்த்தை சொன்னீர்களா? அப்படியென்றால் வாருங்கள், என் இன்னொரு பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது.

கவனிக்கவில்லையா? ரொம்ப சந்தோஷம். ஆனால் நான் சொன்னது நிஜம்தானா என்று பார்க்க இப்போது உங்கள் கண் மேலே போகிறதே, அது எதற்கு?